தும்பிக்கை வெச்ச பிக்கப்பு

செகண்ட்ஸ்ல பிக்கப்பு வாங்கிட்டயாமா கண்ணு? சந்தோசம். வாங்கி ஆறு மாசம் ஆகல, அதுக்குள்ள 'பவரு பத்தல'ன்னு பட்டறை பட்டறையா ஏறி இறங்கறயாமா? அதுவும் சந்தோசம். உன்ற வயசுல ஆருக்குத்தான் பவரு பத்துச்சு?

போனுல என்னென்னமோ பாத்து வெச்சிருக்கறே. சிப்பு போடோணும். சைலன்சரு மாத்தோணும். ஏர் ஃபில்டரு மாத்தோணும். அகலமா டயரு, கூரை மேல வெளக்கு வரிசை, மூஞ்சிக்கு முன்னால இரும்புக் கம்பி. எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா ரெண்டு கறவை எருமை வாங்கற காசு. தப்புன்னு சொல்லல. உன்ற காசு, உன்ற வண்டி. ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. வண்டியில என்னத்த ஏத்தறே?

பாத்தயா, வாயடைச்சுப் போச்சு.

இதுக்குப் பதில் தெரிஞ்சவன் பாதிச் சாமானத்தை வாங்கவே மாட்டான். விடியக்காலம் தக்காளிக் கூடை ஏத்தி ஒட்டஞ்சத்திரம் மண்டிக்குப் போறவனுக்கு வேண்டியது வேற. பல்லடம் பக்கம் கறிக்கோழியைக் கூண்டோட ஏத்தறவனுக்கு வேற. கொல்லிமலையில இருந்து அன்னாசியும் பலாவும் இறக்கறவனுக்கு வேற. ஞாயித்துக்கெழமை மச்சானைக் கூட்டிக்கிட்டு பைபாஸ்ல பரோட்டா திங்கப் போறவனுக்கு வேற. இதுல கடைசிக்காரனுக்குத்தான் எல்லாச் சாமானமும் வேணுமாம். லோடு ஏத்தறவன் கேக்கறதே இல்ல. அதென்ன மாயமோ.

போன மாசம் எங்கூருக்கு ஒரு வண்டி வந்துது. இசுசு வி-கிராஸ். நல்ல வண்டி, கொறை சொல்லமாட்டேன். பானட்டு ஓரத்துல இருந்து கூரை வரைக்கும் கறுப்பா ஒரு கொழாய் ஏறிப் போகுது. 'இதென்ன சாமி, தும்பிக்கையாட்டம்?' ன்னேன். 'ஸ்னார்க்கலுங்க அப்பாரு. ஆத்துக்குள்ள இறங்குனாலும் இஞ்சினுக்குள்ள தண்ணி போகாதுங்க'ன்னான் பையன். நான் எந்திரிச்சுக் கெழக்கால பாத்தேன். எங்களுக்கு வாய்ச்ச ஆறு திருமணிமுத்தாறு. பாதி நாளைக்குக் கரண்டைக்கால் அளவு தண்ணி. அதுவும் சேலத்துச் சாக்கடை. அதுல இறங்கறதுக்கு இஞ்சினுக்கு மூக்கு வேண்டாம், உனக்குத்தான் மூக்கைப் பொத்த ஆளு வேணும்.

அந்தக் கொழாய்க்கு வேலையே இல்லீன்னு சொல்லல. வெள்ளத்துல ஓட்டறவன் இருக்கறான். மண் ரோட்டுல வரிசையாப் போறப்ப முன்னால போற வண்டி கெளப்பற புழுதி, மேல கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும். ஆனா பையன்கிட்ட இன்னொண்ணும் கேட்டேன். 'மூக்கை மேல வெச்சுட்டே. ஆல்டர்னேட்டரு எங்க இருக்குது? டிஃபரன்ஷியலும் கியர் பாக்ஸும் மூச்சு விடற ஓட்டை எங்க இருக்குது?' அதெல்லாம் கீழதான் கண்ணு கெடக்குது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் பச்சத்தண்ணியில முங்குனா உள்ள இருக்கற காத்து சுருங்கும். சுருங்குனா அந்த ஓட்டை வழியாத் தண்ணிய உறிஞ்சும். உள்ள இருக்கற ஆயிலு மோராப் போயிரும். பையன் போனை எடுத்துத் தேட ஆரம்பிச்சுட்டான். நான் வெத்தலை மடிக்க ஆரம்பிச்சுட்டேன்.

அடுத்தது காத்து. 'கம்பெனி ஃபில்டருல இஞ்சினுக்கு மூச்சு முட்டுதுங்க, எண்ணெய் தடவுன பஞ்சு ஃபில்டரு போட்டாப் பிச்சுக்கிட்டுப் போகும்'ங்கறான் ஒருத்தன். ஏஞ்சாமி, கம்பெனியில படிச்சவன் ஒருத்தன்கூடவா இல்ல? 2.5 லிட்டர் இஞ்சின் 2,500 சுத்துல ஓடுனா, டர்போ தள்ளறதைச் சேக்காமயே நிமிசத்துக்கு 3,000 லிட்டருக்கு மேல காத்துக் குடிக்குது. எந்தக் காத்து? ரிக்கு வண்டிக்காரன் கெளப்புன மண்ணும் கல்லுக்குவாரித் தூளும் பறக்கற நம்மூருக் காத்து. ஓட்டை பெருசா இருந்தாத்தான் காத்து லேசாப் போகும். அதே ஓட்டையில மண்ணும் லேசாப் போகும். போயி பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும், டர்போ விசிறியோட நுனியை அரிக்கும்.

அதுவுமில்லாம டீசல் இஞ்சினுக்குக் காத்து எப்பவுமே தேவைக்கு மேலதான் போகுது. பவரைத் தீர்மானிக்கறது எத்தினி டீசல் பீச்சறோம்ங்கறதுதான். வெறும் ஃபில்டரு மாத்துனவனுக்குக் கெடைச்சது சத்தம். சத்தம் ஏறுனா வேகம் ஏறுனாப்பல காதுக்குத் தோணும். சைலன்சரு மாத்தறதும் பெரும்பாலும் இதே கதைதான். அங்க அக்கம்பக்கத்துக்காரன் சாபம் இலவசம். அட்டை ஃபில்டரையே காலத்துல மாத்து. நடுவுல ஊதிச் சுத்தம் பண்றதா இருந்தா உள்பக்கம் இருந்து வெளிப்பக்கமா, மெதுவா ஊது. வெளிய இருந்து ஊதுனா ஒட்டியிருக்கற மண்ணை நீயே உள்ள ஏத்தி விடறே.

சிப்பு கொஞ்சம் வெவகாரமான ஆளு. அதைப் பொய்யின்னு சொல்லமாட்டேன், பவரு நெசமாவே ஏறும். எப்படி ஏறுதுன்னு கேட்டயா? காமன் ரெயில் கொழாய்க்குள்ள டீசல் எத்தினி அழுத்தத்துல நிக்குதுன்னு ஒரு சென்சாரு கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்லிக்கிட்டே இருக்கும். விலை கம்மியா விக்கறானே ஒரு டப்பா, அது பெரும்பாலும் இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல போயி உக்காந்துக்கும். அழுத்தம் போதுமான அளவு இருந்தாலும் 'கம்மியாத்தானுங்க இருக்குது'ன்னு கம்ப்யூட்டருகிட்டச் சாதிக்கும். அது நம்பிப்போட்டு இன்னுங்கொஞ்சம் தள்ளும். அவ்வளவுதான் சூட்சுமம். ஒரு பொய்யனுக்குச் சம்பளம் குடுத்து உன்ற வண்டிக்குள்ளயே வேலைக்கு வெச்சிருக்கறே.

ரீமேப்புன்னு இன்னொண்ணு இருக்குது. அதுல கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற கணக்கையே மாத்தி எழுதறாங்க. வெவரம் தெரிஞ்சவன் எழுதுனா நல்லாத்தான் ஓடும். எழுதறவனுக்கு வெவரம் தெரியுமான்னு உனக்கு எப்படித் தெரியும்? அவன் பட்டறையில ஏசி இருக்குது, காப்பி குடுக்கறான், அதை வெச்சா?

சரி, பவரு ஏறுச்சு. கூடவே கிளட்ச் பிளேட் பெருசாச்சா? ரேடியேட்டரு அகலமாச்சா? பிரேக்கு வளந்துச்சா? எல்லாம் அதே பழைய சைஸ்லதான் கெடக்குது. லோடோட மேட்டுல நிறுத்தி எடுக்கறப்ப ஒரு கருகல் வாசம் வரும் பாரு, அதுக்குத் தனி பில்லு. வாரண்டி மிச்சமிருக்கற வண்டியா இருந்தா கம்பெனிக்காரன் கம்ப்யூட்டரைச் செருகிப் பாத்துப்போட்டுக் கையெடுத்துக் கும்புட்டு அனுப்பிருவான்.

'அப்ப இந்த நோஞ்சான் இஞ்சினை வெச்சுக்கிட்டு என்னத்தப் பண்றதுங்க?' ன்னு கேக்கறே. உன்ற பொலிரோ பிக்கப்புல 75, 80 குதிரை. வி-கிராஸ்ல 163. டொயோட்டா ஹைலக்ஸ்ல 204. அடுத்தவனோட 204-ஐப் பாத்துத்தான் உனக்குத் தூக்கம் போச்சு. கணக்குப் போடலாமா? நீ காலேஜ் படிச்சவன், போனை எடு. நான் வாய்க்கணக்கா வரேன்.

75 கிலோ மூட்டையை ஒரு செகண்டுல ஒரு மீட்டர் உசரத்துக்குத் தூக்குனா ஒரு குதிரைச் சக்தி. உன்ற வண்டி லோடோட 3 டன்னுன்னு வெச்சுக்க. ரோடு 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏறுது. நீ 30 கிலோமீட்டர் வேகத்துல போறே. அப்ப செகண்டுக்கு 8 மீட்டர் சொச்சம் முன்னால போறே, அதுல ரெண்டு அடி சொச்சம் மேல ஏறறே. 3,000 கிலோவை அத்தினி உசரம் தூக்க எத்தினி குதிரை வேணும்? வகுத்துப் பாரு. 27. டயரு உருளற சிரமம், காத்துத் தடை, கியர்ல தேயறதுன்னு இன்னொரு 10 போடு. 37. உன்ற வண்டியில இருக்கறது 75. மிச்சக் குதிரையெல்லாம் என்ன பண்ணுது? சும்மா நின்னு கொள்ளுத் திங்குது. இதுல இன்னும் 20 குதிரை வாங்கிக் கட்டோணும்ங்கறே.

'வேகமா ஏறலாமுங்களே!' ஏறலாம். காரவள்ளியில இருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. எந்த வளைவுல 60-ல திரும்பறதா உத்தேசம்? சொல்லிப்போட்டுப் போ, கீழ ஆளை நிறுத்தி வெக்கறேன்.

இன்னொண்ணு யோசிச்சயா? கொல்லிமலையில லோடு எங்க ஏறுது? மேல. அன்னாசி, பலா, வாழை, மிளகு, எல்லாம் மேல ஏத்திக் கீழ இறக்கறது. ஏறும்போது உன்ற வண்டி முக்காவாசி காலி. இறங்கும்போதுதான் மூச்சுமுட்ட லோடு. சிப்புக்காரன் உனக்கு ஏறறதுக்குச் சாமானம் விக்கறான். உசுரு இறங்கறதுல இருக்குது.

அதே ரோட்டுல, அதே 30 வேகத்துல, அதே 3 டன்னோட இறங்கிப் பாரு. அப்ப தூக்குன 27 குதிரையும் இப்பத் திரும்பி நின்னு உன்னையத் தள்ளும். டயரு உருளறதுல கொஞ்சம் போனாலும், மிச்சம் இருக்கறது 1,000 வாட் இஸ்திரிப்பெட்டி 15, 16 ஒண்ணா எரியற சூடு. அந்தச் சூடு எங்க போகும்? கியர்ல இருந்தயின்னா இஞ்சின் ஒரு பங்கு வாங்கிக்கும். நியூட்ரல்ல தள்ளிவிட்டு டீசல் மிச்சம் புடிக்கற மகராசனுக்கு மொத்தமும் பிரேக்குக்குப் போகும். அந்த மிச்சமும் மிச்சமில்ல. இப்ப வர்ற இஞ்சின், கியர்ல ஓடறப்ப ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா டீசலையே நிறுத்திக்குது. நியூட்ரல்லதான் ஐடிலிங்குக்குக் குடிக்குது. ஏறுன கியர்லயே இறங்குன்னு பழைய டிரைவருங்க சொன்னது சும்மா இல்ல.

பிரேக் ஆயில் டப்பாவைத் தொறந்து பாத்திருக்கறயா? என்ன கலர்ல இருக்குது? டீத்தண்ணி கலர்ல இருந்தா வெளங்கிரும். அந்த ஆயில் காத்துல இருக்கற ஈரத்தைக் குடிச்சுக்கிட்டே இருக்கற சாதி. டாட் 4 ஆயில் புதுசுல கொறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாது. ஈரம் குடிச்சதுக்கப்பறம் 155 தாங்குனாப் போதும்னுதான் தரக்கணக்கே சொல்லுது. மலையிறக்கத்துல அந்த 155 எந்த மூலைக்கு? ஆயில் கொதிச்சா ஆவியாகும். ஆவியை அமுக்குனா அது அமுங்கிக்கும், பிரேக்குப் புடிக்காது. பெடலு தரையத் தொடும். அப்ப உனக்குக் கொலதெய்வம் பேரெல்லாம் வரிசையா ஞாபகம் வரும். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஆயிலை மாத்தறதுக்கு ஆகற செலவு, உன்ற மச்சானோட ஒரு நாள் பரோட்டாக் காசு. ஆனா இதைப் போட்டோ எடுத்துப் போட முடியாதில்ல? அதான் ஆரும் மாத்தறதில்ல.

அப்பறம் ஸ்பிரிங் கட்டு. இது லோடு ஏத்தறவன் பண்ற கோமாளித்தனம், அவனை மட்டும் எதுக்கு விடோணும்? 'கட்டுல ரெண்டு பிளேடு சேத்துப் போட்டாச்சுங்க, இனி 3 டன் ஏத்துனாலும் வண்டி குனியாது'ன்னு மீசையை முறுக்கறான். குனியாதுதான். அச்சு? வீல் பேரிங்கு? சேஸ்? அதெல்லாம் கம்பெனியில 1.7 டன்னுக்குச் செஞ்சு குடுத்தது. நீ பிளேடு போட்ட சேதி அதுங்களுக்குத் தெரியாது.

இதுல ஒரு கூத்து இருக்குது, கிட்ட வா காட்டறேன். பின்னால வண்டிக்கு அடியில குனிஞ்சு பாரு. சேஸுல ஒரு சின்ன வால்வு, அதுல இருந்து ஒரு கம்பி கீழ அச்சுக்குப் போகுது. லோடு சென்சிங் வால்வுங்கறது அதுதான். எல்லா வண்டியிலயும் இருக்காது, பல பிக்கப்புல இருக்கும். லோடு ஏறுனா சேஸ் குனியும், கம்பி வால்வைத் தள்ளும், பின் சக்கரத்துக்கு பிரேக்கு ஜாஸ்தியாப் போகும். வண்டி காலியா இருந்தா சேஸ் நிமிந்து நிக்கும், பின் பிரேக்கைக் கொறைச்சுக்கும்; இல்லாட்டி பின் சக்கரம் பூட்டிக்கிட்டு வண்டி வட்டமடிச்சுப் போயிரும். இப்ப நீ பிளேடு போட்டு வண்டியக் குனியாமப் பண்ணிட்டே. 2 டன் ஏத்தியும் சேஸ் நிமிந்தே நிக்குது. வால்வு என்ன நெனைக்கும்? 'வண்டி காலி'ன்னு நெனைக்கும். பின் பிரேக்கைக் கொறைச்சுக் குடுக்கும். லோடோட பிரேக்கு வேணுங்கற நேரத்துல அதைக் கொறைக்கறதுக்குக் காசு குடுத்திருக்கறே கண்ணு. வெறும் பிளேடுன்னா நெனைச்சே?

டயரைப் பத்திக் கேட்டே. டயருல செலவு பண்றவனை நான் கிண்டல் பண்ணமாட்டேன். ரோட்டைத் தொடற சாமானம் வண்டியில அது ஒண்ணுதான். ஆனா எதுக்குப் பண்றேன்னு தெரிஞ்சு பண்ணு. உசரமா, பட்டன் பட்டனா, வெளிய துருத்திக்கிட்டு இருக்கற டயரைப் போட்டா என்ன ஆகும்? சக்கரத்தோட குறுக்களவு பத்துல ஒரு பங்கு ஏறுச்சுன்னா மீட்டருல 60 காட்டறப்ப நெசத்துல 66-ல போறே. இழுவை பத்துல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கொறைச்சலாக் கீழ விழும். விழுந்த இழுவையைத் திருப்பி வாங்கத்தான் பையன் சிப்புக்குப் போறான். ஒரு கையில எடுத்து எறிஞ்சதை இன்னொரு கையில காசு குடுத்து வாங்கறான். இதுல டயருக்காரனும் பொழைச்சான், சிப்புக்காரனும் பொழைச்சான்.

டயரு வாங்கறப்ப பேரைப் பாக்காதே, செவுத்துல இருக்கற நம்பரைப் படி. சைஸுக்குப் பக்கத்துல 106-ன்னு இருந்தா அந்த ஒரு டயரு 950 கிலோ தாங்கும். 100-ன்னு இருந்தா 800. பின்னால ரெண்டு டயரு, கூட்டிக்க. பாக்க முரட்டுத்தனமா இருக்கற டயரு எல்லாம் பாரம் தாங்கும்னு நெனைச்சயின்னா ஏமாந்தே. அப்பறம் டாட்டுன்னு ஆரம்பிச்சு வர்ற எழுத்துல கடைசி நாலு நம்பர். 2319-ன்னா 2019-ல 23-வது வாரம் செஞ்ச டயரு. பட்டன் புதுசா இருக்குது, விலை கம்மின்னு குதிக்கறதுக்கு முன்னால அதைப் படிச்சுப் பாரு. நூறு டயரு வித்த கடைக்காரன் உன்ற மூஞ்சியைப் படிச்சுட்டான். நீ டயரைக்கூடப் படிக்கலீன்னா எப்படி?

கூரை மேல வெளக்கு வரிசையைப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லமாட்டேன். எதுத்தாப்பல வர்றவன் சொல்லுவான். ஹெட்லைட்டுக்குள்ள எல்.இ.டி. பல்பு செருகறவனுக்கு மட்டும் ஒண்ணு. அந்தக் கிண்ணம் பழைய பல்போட இழை எங்க எரியுமோ அதுக்குத் தோதா வளைச்சது. வேற பல்பு வெச்சா வெளிச்சம் ரோட்டை உட்டுப்போட்டு மரத்துக்கும் மனுசனுக்கும் போகும். கண்ணாடியைத் தேச்சுச் சுத்தம் பண்ணி, லோடு ஏத்துனதுக்கப்பறம் வெளிச்சம் எங்க விழுதுன்னு பாத்து இறக்கி வெச்சா, பாதிக் குறை அதுலயே தீந்துரும்.

சரி, உன்ற வழக்குக்கு வருவோம். வண்டி இழுக்கல. நெசமாவே இழுக்கலயா, இல்ல ஹைலக்ஸைப் பாத்ததுல இருந்து இழுக்கலயா? நெசமாவேன்னா சிப்புக்காரனுக்குப் போன் பண்றதுக்கு முன்னால இதைப் பண்ணு. ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கை அதிகம் தொடாம வந்து நிறுத்து. நாலு சக்கரத்துக்கும் நடுவுல லேசாத் தண்ணி தெளி. ஒரு சக்கரத்துல மட்டும் 'சுர்ரு'ங்குதா? அங்க பிரேக்கு விடாமப் புடிச்சுக்கிட்டு இருக்குது. ஒரு காலைக் கட்டிப்போட்டு ஓடச் சொன்னா எந்த இஞ்சின்தான் ஓடும்?

அப்பறம் பானட்டைத் தொற. டர்போவுல இருந்து இன்டர்கூலருக்குப் போற ரப்பர் ஹோஸைக் கையால தடவு, அடிப்பக்கம் சேத்து. ஆயில் கசிஞ்சு கீறல் விட்டிருக்கும். டர்போ தள்ளற காத்துல பாதி அந்த வழியா ஊருக்குப் போயிரும். கறுப்புப் புகை வரும், மேட்டுல முக்கும். பத்து லட்ச ரூபா வண்டி, ஒரு ரப்பர் கொழாயால நோஞ்சானாச்சு. டீசல் ஃபில்டரை எப்ப மாத்துனே? அதுல அடியில தேங்கற தண்ணியை எப்பத் தொறந்து விட்டே? டயருல காத்து எத்தினி? 'பாத்தாத் தெரியுதுங்களே'ன்னு சொல்லாதே, பாத்தா ஒண்ணும் தெரியாது. கேஜ் வாங்கி வெச்சுக்க. அடைஞ்ச ஃபில்டரு, கீறுன ஹோஸு, புடிச்ச பிரேக்கு, எறங்குன காத்து. இதெல்லாம் சரி பண்ணுனாலே கம்பெனி குடுத்த குதிரை முழுசாத் திரும்பி வரும். நீ வாங்குனதுல இருந்து அதுல பாதிதான் ஓடிக்கிட்டு இருந்திருக்கும், ஆரு கண்டா?

பி.எஸ். 6 வண்டியா இருந்தா சைலன்சரு வழியில கரிப்புகையைப் புடிச்சு வெக்கற டி.பி.எஃப். இருக்கும். 2020 ஏப்ரலுக்கப்பறம் வித்த டீசல் வண்டிக்கு அது வந்துருச்சு. ஊருக்குள்ளயே உருட்டிக்கிட்டிருந்தா அது அடைச்சுக்கும். அதைக் கழட்டி எறியறதை அப்கிரேடுன்னு ஒருத்தன் சொல்றான். கழட்டுனா குத்தம். அப்பப்ப பைபாஸ்ல அரைமணி நேரம் ஒரே சீரா ஓட்டு, சூடேறி அதுவே கரியை எரிச்சுக்கும். மச்சானைப் பரோட்டாவுக்குக் கூட்டிக்கிட்டுப் போறதுல அந்த ஒரு புண்ணியம் இருக்குது.

எதுக்குத்தான் செலவு பண்றதுன்னு கேளு, சொல்றேன். பிரேக் ஷூ, பேடு, ஆயில், நல்லதா. பாரம் தாங்கற டயரு. அப்பறம் டிரைவர் சீட்டு. சிரிக்காதே. ராத்திரி பூராவும் ஓட்டறவனுக்கு முதுகு புடிச்சா கண்ணும் சேந்து சொருகும். பஞ்சு போன சீட்டுல உக்காந்துக்கிட்டுச் சிப்பு வாங்கறவனைப் பாத்தாத்தான் எனக்குச் சிரிப்பு வருது. லோடு கட்ட இத்துப்போன கயித்தை எறிஞ்சுபோட்டு ரேச்செட்டு வெச்ச பெல்ட் நாலு வாங்கு. தொட்டியில ரப்பர் மேட்டுப் போடு, கூடை வழுக்காது. பின்னால ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரு கிழிஞ்சிருந்தா மாத்து. ரிவர்ஸ் கேமரா வேணும்னா வெச்சுக்க, மண்டியில எவன் குழந்தை எங்க நிக்குதுன்னு ஆருக்குத் தெரியும்? இதுல எதுவும் உன்ற வண்டியை ஊருல பேச வெக்காது. பேசாம ஓட வெக்கும்.

சட்டத்தைப் பத்தி உனக்குச் சொல்லோணுமா? கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தாதேன்னு 2019 ஜனவரியிலயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. வண்டிக்காரன் தானா மாத்திக்கிட்டா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா, ஆறு மாசம் வரைக்கும் உள்ளயும் போடலாம். அதிக லோடுக்கு 20,000 ரூபா, மேல வர்ற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. பம்பருக்கு முன்னால கம்பி வெக்கறதை 2017 டிசம்பர்லயே மத்திய அரசு வேண்டாம்னு சொல்லிப்போட்டுது. மோதுனா மொகப்பு நசுங்கி அடியைத் தாங்கோணும்னுதான் செஞ்சிருக்கறான். நீ கம்பி வெச்சா அந்த அடி நேரா சேஸுக்குப் போயி அப்பறம் உனக்கு வரும். ஏர் பேக் வெடிக்கறதும் முன்னப்பின்ன ஆகலாம். அது போக, அந்த இரும்போட எடை உன்ற லோடுல கழியும். பாட்டுப் பாடற ஆரனும் சட்டப்படி ஆகாது. எருமைகூட அதைக் கேட்டு ரெண்டு நாளைக்குப் பாலு கொறைச்சுப் போடுது.

அடுத்த மாசம் எஃப்.சி.ன்னு உங்கொப்பன் சொன்னான். கம்பியும் ஆரனும் மாட்டியிருந்தயின்னா அங்க போயி நிக்கறதுக்கு முன்னால நீயே கழட்டி வெச்சுரு. பிரேக் ஆயிலை மாத்து, அந்த ரப்பர் ஹோஸைத் தடவிப் பாரு, நாலு டயருக்கும் காத்துப் புடி. லோடு ஏத்தி ஒருக்கா கொல்லிமலை இறங்கிப்போட்டு வா. அதுக்கப்பறமும் பவரு பத்தலீன்னா பேசலாம். சிப்புக்காரன் எங்கயும் ஓடிப்போயிரமாட்டான்.